அழுக்குப் பண்ணத் தெரிய வேண்டும்!

வாசகர்களே! காசு கொடுத்து வாங்கிய புத்தம் புதுப் பொருள் ஒன்றை, அழுக்காக்குவதற்காகவே ஒரு மாதம் இராப் பகலாகப் பாடுபட்ட மனிதனை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? இல்லையென்றால் அடியேனைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பொருள் ஓர் ஆகாய விமானம். பயப்பட வேண்டாம். நிஜ விமானத்துக்கு இறக்கை 40 அடி. என்னுடையதற்கு ஆறே முக்கால் அங்குலத்துக்கும் சற்றுக் குறைவு. 72-ல் ஒரு பங்கு. அதென்ன 72 என்று கேட்பீர்கள். ஆறடி ஆளை ஓர் அங்குலமாகச் சுருக்கினால் வருகிற கணக்கு அது. இரண்டாவது உலக யுத்தத்தின்போது, தூரத்தில் வரும் விமானம் நம்முடையதா, எதிரியுடையதா என்று அடையாளம் காணப் பழக்குவதற்காக இந்த அளவில் மாதிரிகள் செய்தார்கள். 1942-ல் அமெரிக்காவில் பள்ளிக்கூடப் பிள்ளைகளே லட்சக்கணக்கில் மரத்தில் செதுக்கிக் கடற்படைக்குக் கொடுத்தார்கள். இன்று பெட்டியில் பிளாஸ்டிக் துண்டுகளாக வருகிறது. ஒட்டி, வர்ணம் அடித்து, அடையாளச் சின்னங்கள் பதித்து, கடைசியில் அழுக்கும் பூச வேண்டியது நம் பொறுப்பு.

என் விமானத்தின் பெயர் ஹரிக்கேன். ஸிட்னி காம் என்ற ஆங்கிலேயர் உருவாக்கியது. 1935 நவம்பர் 6-ம் தேதி முதல் முறையாகப் பறந்தது. எத்தனையோ விமானம் இருக்க இது எதற்கு என்றால், அதற்கு ஒரு புகைப்படம் காரணம்.

என் தாத்தா மாயவரத்துக்காரர். யுத்தத்தின்போது விமானப் படையில் சேர்ந்து, தரையில் நின்று விமானங்களைப் பழுது பார்க்கும் வேலை செய்தார். அப்பாவின் டிரங்குப் பெட்டியில் அவருடைய படம் ஒன்று அகப்பட்டது. பின்புறத்தில் 'இம்பால், 1944' என்று எழுதியிருந்தது. ஐந்து இளைஞர்கள், அரைக்கால் சட்டை, பின்னால் ஒரு ஹரிக்கேன். பழைய கறுப்பு வெள்ளைப் படமாகையால் விமானத்தின் உடம்பில் ஆங்காங்கே சிறு சிறு கறைகள் விழுந்திருந்தன. தாத்தா யுத்தத்தைப் பற்றி வீட்டில் பேசியதே இல்லையாம். எனக்கு எட்டு வயதாகும்போது அவர் போய்விட்டார். அப்பாவுக்கு இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது. அந்த விமானத்தைச் செய்து அவர் கையில் கொடுப்பது என்று தீர்மானித்தேன்.

இம்பாலைப் பற்றி இரண்டு வார்த்தை. 1944 மார்ச்சில் ஜப்பானியர் பர்மாவிலிருந்து படையெடுத்து வந்து இம்பாலை வளைத்துக்கொண்டார்கள். வெளியுலகத்துக்குப் போகும் சாலை அடைபட்டது. ஜூன் 22-ம் தேதிதான் மறுபடி திறந்தது. அது வரையில் அரிசியும் தோட்டாவும் ஆகாய மார்க்கமாகத்தான் வந்தன. அங்கே இருந்த நம்முடைய முதலாவது ஸ்குவாட்ரனுக்குத் தலைவர் அர்ஜன் ஸிங். பின்னாளில் விமானப் படையின் மார்ஷல் என்ற பட்டம் பெற்றவர். ஹரிக்கேன்களுக்கு வேலை, மலைக்கும் காட்டுக்கும் மேல் தாழப் பறந்து எதிரி எங்கே நகருகிறான் என்று பார்த்து வருவது. தாழப் பறக்கிற விமானத்தைக் கீழேயிருந்து துப்பாக்கியால் சுடலாம். சுட்டார்கள்.

இனி வேலைக்கு வருவோம். நீங்களும் செய்து பார்க்கலாம். அல்லது லீவு நாளில் பையனைச் செய்யச் சொல்லலாம்.

முதல் வேலை, குளிப்பாட்டுவது! அச்சிலிருந்து எடுப்பதற்காகத் தடவும் எண்ணெய்ப் பிசுக்கு பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதன் மேல் வர்ணம் பிடிக்காது. சோப்புத் தண்ணீரில் அலசி உலர்த்துங்கள். விமானி உட்காரும் அறைக்கு முன்னதாகவே வர்ணம் அடித்துவிடுங்கள். உடம்பை ஒட்டிய பிறகு பிரஷ் உள்ளே போகாது. ஒட்டின இடத்தில் கோடு தெரியும். அங்கே பட்டி பார்த்து, உப்புத்தாளால் இழைத்து, சாம்பல் நிறப் பிரைமர் ஒரு கை அடித்தால், தெரியாமல் கிடந்த குறையெல்லாம் பல்லை இளிக்கும். இளிக்கட்டும். இப்போதே இளிப்பது நல்லது.

வர்ணத்தில் ஒரே மந்திரம்: மெல்லிசாக, பல தடவை. ஒரே தடவையில் மறைத்துவிட வேண்டும் என்று கெட்டியாகப் பூசினால், செதுக்கியிருக்கும் நுண்ணிய கோடுகள் எல்லாம் மூழ்கிப்போகும். பாலில் தண்ணீர் கலக்கும் புண்ணியவான்களை மனத்தில் நினைத்துக்கொண்டு வர்ணத்தில் தைரியமாகக் கலக்குங்கள். முதல் பூச்சு திட்டுத் திட்டாகத்தான் இருக்கும். காயவிட்டு இரண்டாவது, மூன்றாவது.

வெளிர் நிறம் முதலில், அடர் நிறம் பிறகு. அடிவயிற்றுக்குச் சாம்பல். அது காய்ந்ததும் ஓரத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி மறைத்து, முதுகுக்கு மண் நிறம். அதன் மேல் கரும்பச்சைப் பட்டைகள். மேலிருந்து பார்க்கிற எதிரிக்குக் காடும் மண்ணுமாகத் தெரிய வேண்டும் என்பது தத்துவம். இந்தப் பட்டைகள் வளைந்து வளைந்து போகும். சுவரில் படம் ஒட்டுகிற களிமண் பசையைப் புழு மாதிரி உருட்டி எல்லை கட்டிக்கொண்டால் வளைவு சரியாக வரும். இன்னொரு ரகசியம்: டப்பாவில் இருக்கும் நிறத்தை அப்படியே அடிக்காதீர்கள். ஓரடி தூரத்தில் வைத்துப் பார்க்கும் இந்தப் பொம்மை, 72 அடி தூரத்தில் நிற்கும் நிஜ விமானத்துக்குச் சமானம். தூரத்துப் பொருள் வெளுத்துத்தானே தெரியும்? ஆகையால் ஒரு சொட்டு வெள்ளை கலந்துகொள்ளுங்கள்.

அடுத்தது சின்னங்கள். இவற்றுக்கு டெக்கால் என்று பெயர். காகிதத்தின் மேல் மெல்லிய படலமாக அச்சடித்திருக்கும். வெட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் அரை நிமிஷம் போட்டு எடுத்து, கொஞ்சம் பொறுத்தால் படலம் காகிதத்தை விட்டு வழுக்கும். விமானத்தின் மேல் வைத்து ஈரப் பிரஷால் இடம் பார்த்து நகர்த்தி, பஞ்சால் ஒற்றி எடுக்க வேண்டும்.

கேட்பதற்குச் சுலபம். இதில் ஒரு கண்ணி இருக்கிறது. சொரசொரப்பான வர்ணத்தின் மேல் நேரே ஒட்டினால் அடியில் காற்று அகப்பட்டுக்கொண்டு, படலம் முழுவதும் வெள்ளி பூத்தாற்போல் மினுக்கும். கல்யாணச் சாப்பாட்டில் ரசம் ஊற்றுகிற வேகத்தில் முதல் டெக்காலை ஒட்டிவிட்டு இந்தப் பாடம் படித்தேன். ஆகையால், ஒட்டுமுன் விமானம் முழுவதும் பளபளப்பு வார்னிஷ் ஒரு பூச்சு அடித்து, கண்ணாடி மாதிரி ஆக்கிக்கொள்ளுங்கள். படலத்தை இளக்கும் திரவம் ஒன்று விற்கிறார்கள். அதை மேலே தடவினால் டெக்கால் நூறு வயதுப் பாட்டியின் கன்னம் போல் சுருங்கும். வயிறு பகீரென்னும். தொடாதீர்கள்! தொட்டால் கிழியும். எழுந்து போய்க் காப்பி சாப்பிட்டுவிட்டு வாருங்கள். தானாகவே படிந்து, வர்ணம் அடித்தது போல் ஒட்டிக்கொண்டிருக்கும்.

எனக்குச் சின்னத்திலேயே ஒரு சிக்கல் வந்தது. பெட்டியில் வந்த வட்டத்துக்கு நடுவில் சிவப்புப் பொட்டு. பிரிட்டிஷ் விமானங்களுக்கு வழக்கமான சின்னம்தான். ஆனால் தாத்தாவின் படத்தில் வட்டத்தின் நடு வெளிறியிருந்தது. விசாரித்ததில் விஷயம் தெரிந்தது. ஜப்பானிய விமானத்தின் சின்னம் சிவப்புச் சூரியன். அவசரத்தில் சிவப்பைக் கண்டதும் நம்மவர்களே நம் விமானத்தைச் சுட்டுவிடக்கூடும் என்பதற்காக, 1943 முதல் இந்தியா, பர்மா வட்டாரத்தில் சின்னத்திலிருந்து சிவப்பையே எடுத்துவிட்டார்கள். கருநீல வளையம், நடுவில் வெளிர் நீலம், அவ்வளவுதான். அந்த மாதிரிச் சின்னங்களைத் தனியாக வரவழைத்து ஒட்டினேன். ஒரு பொட்டுக்காக மூன்று வாரம் தாமதம்!

இப்போது விமானம் கொலு பொம்மை மாதிரி ஜொலித்தது. இங்கேதான் அழுக்குப் படலம் ஆரம்பமாகிறது.

டர்பன்டைனில் கறுப்பும் பழுப்பும் கலந்த எண்ணெய் வர்ணத்தைக் கஷாயம் போல் கரைத்து, கோடுகளின் மேல் தொட்டால், அது தானே ஓடிக் கோடுகளில் நிறையும். மிச்சத்தைத் துணியால் துடைக்க வேண்டும். அதுவும் காற்று அடிக்கும் திசையில், மூக்கிலிருந்து வாலை நோக்கி. எஞ்சின் புகை படியும் இடத்துக்கு, வர்ணச் சுண்ணக் கட்டியை உப்புத்தாளில் உரைத்த பொடி. சக்கரத்துக்குச் செம்மண் நிறப் பொடி. வர்ணம் உதிர்ந்து உலோகம் தெரிய வேண்டிய இடங்களில், ஸ்பஞ்சுத் துண்டை வெள்ளி வர்ணத்தில் லேசாக ஒற்றி, கிட்டத்தட்ட எல்லாவற்றையும் காகிதத்தில் துடைத்துவிட்டு, மிச்சத்தால் தட்ட வேண்டும். விமானி இடது பக்கத்து இறக்கை மேல் கால் வைத்து ஏறுவார். ஆகையால் அங்கே நிறைய. வலது பக்கத்தில் கொஞ்சம்.

என் மனைவி வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"புதுசுக்குச் சேறு பூசறீங்க. பையன் சட்டையிலே சேறு பட்டா மட்டும் வீடு ரெண்டாகுது!"

"அது வேறே, இது வேறே. இதிலே ஒவ்வொரு கறைக்கும் காரணம் உண்டு" என்றேன் கம்பீரமாக.

அந்தக் கம்பீரம் அன்றிரவு வரைதான் நிலைத்தது. தட்டுகிற உற்சாகத்தில் இறக்கையோடு நிற்காமல், விமானியின் இருக்கைக்குப் பின்னால் முதுகு, விலா, வால் என்று பதினைந்து இருபது இடங்களில் வெள்ளியைத் தட்டிவிட்டிருந்தேன். பார்க்கப் பிரமாதமாக இருந்தது. தூங்குமுன் ஹரிக்கேனின் அமைப்பைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தவன் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தேன்.

ஹரிக்கேனின் பின்பாதி உலோகத் தகடே அல்ல! உள்ளே எஃகுக் குழாய்க் கூடு. அதன் மேல் மரச் சட்டங்கள். அவற்றின் மேல் லினன் துணி. ஆம், துணி! டோப் என்னும் ஒரு வகைப் பூச்சைத் தடவினால், அது காய்ந்து துணியைத் தவில் தோல் மாதிரி இறுக்கிவிடும். அதன் மேல்தான் வர்ணம். துணியில் வர்ணம் உதிர்ந்தால் உள்ளே துணிதான் தெரியும். வெள்ளித் தகடு எங்கிருந்து வரும்? மற்றவர்களுக்கெல்லாம் காரணம் உபதேசித்தவன், காரணமே இல்லாத இருபது கறைகளைக் கையால் வைத்திருக்கிறேன்.

மறுநாள் காலையில் விமானத்தை முன்னால் வைத்துக்கொண்டு கன்னத்தில் கையூன்றி உட்கார்ந்திருந்தபோது அப்பா வந்தார். அவருக்குக் கொடுக்கும் வரையில் காட்டக் கூடாது என்று வைத்திருந்தேன். இனி என்ன மறைப்பது? நடந்ததைச் சொன்னேன்.

"என்ன சொன்னே? துணியா?"

"ஆமாம்ப்பா. பின்னாலே பாதி துணிதான். குண்டு பாய்ஞ்சா கிழிசலைத் தைச்சு, மேலே துணி ஒட்டுப் போட்டு, டோப் தடவி, மறுபடி பறக்க அனுப்பிடுவாங்களாம். தகடா இருந்தா அவ்வளவு சுளுவாச் சரி பண்ண முடியாது."

அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். வெகு நேரம் பேசவில்லை.

"அந்த டோப்பு, நகத்துக்குப் போடற பாலிஷ் மாதிரி வாசனை அடிக்குமா?"

"ஏறக்குறைய அதே சரக்குதான். உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அத்தை நகத்துக்குப் பாலிஷ் போட்டுக்கறப்போ எல்லாரும் மூக்கைப் பொத்திப்போம். அவர் மட்டும் பக்கத்திலே வந்து நிப்பார். 'ஏரோட்ரோம் வாசனை'ன்னு சிரிப்பார். எங்களுக்கு ஒண்ணும் புரியாது." கொஞ்சம் பொறுத்துச் சொன்னார்: "உன் தாத்தாவுக்குத் தையல் தெரியும்டா. மிஷின் இல்லை, கைத் தையல். கிழிஞ்ச ரெண்டு ஓரத்தையும் மீன் முள்ளு மாதிரி குறுக்கும் நெடுக்குமா இழுத்து, மேலே ஒட்டு வைப்பார். ஒட்டோட ஓரத்திலே நூலைக் கொஞ்சம் பிரிச்சு விடுவார். அப்போதான் தூக்காம ஒட்டும்பார். ஆம்பிளைக்கு இதெல்லாம் எங்கேருந்து வந்ததுன்னு நான் ஒரு நாளும் கேட்டதில்லை."

"அப்புறம்?"

"எனக்குப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு குடை வெச்சிருந்தேன். கறுப்புக் குடை. கிழிஞ்சுது. ராத்திரி உட்கார்ந்து ஒட்டுப் போட்டார். கறுப்புத் துணி இல்லை, பழுப்புத் துணி. மறுநாளிலேருந்து எனக்குப் பேரே 'ஒட்டுக் குடை'. பதிமூணு வயசு. தாங்க முடியலை. கும்பகோணம் போற ரயில்லே வேணும்னே விட்டுட்டு வந்துட்டேன். தொலைஞ்சு போச்சுன்னு சொன்னேன். கஞ்சத்தனம்னு நெனைச்சேன்டா, அவரை."

"தாத்தா என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லலை. 'ஒட்டு நன்னா பிடிச்சிருந்ததா, ஒழுகலையே?'ன்னு மட்டும் கேட்டார்."

எனக்குச் சட்டென்று ஒன்று தோன்றியது. புகைப்படத்தை எடுத்து வந்து பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். விமானத்தின் உடம்பில் விழுந்திருந்த கறைகள் எல்லாம் விமானியின் இருக்கைக்குப் பின்னால்தான் இருந்தன. ஆகாயத்தில் இல்லை, ஆட்களின் மேல் இல்லை, தரையில் இல்லை. ஒவ்வொன்றும் சதுரம். காலத்தில் வெளுத்த வர்ணத்தின் மேல், புது வர்ணம் அடித்த சதுரங்கள். ஏழு எண்ணினோம். அவை படத்தில் விழுந்த கறைகள் அல்ல.

ஏழில் எது தாத்தா போட்டது, எது பக்கத்தில் நிற்பவர் போட்டது என்று யார் சொல்ல முடியும்? அப்பா பூதக்கண்ணாடியைக் கீழே வைக்கவே இல்லை.

மிச்ச வேலையை அன்றே செய்தேன். முறை இதுதான்: எழுத்து எதுவும் இல்லாத வெற்று டெக்கால் படலம் கிடைக்கும். அதன் மேல் கரும்பச்சையும் மண் நிறமும் தனித்தனியே அடித்துக் காயவைத்தேன். இந்தத் தடவை வெள்ளை கலக்கவில்லை. புது வர்ணம் அல்லவா? ஆறு அங்குல ஒட்டு, 72-ல் ஒரு பங்கானால் இரண்டு மில்லிமீட்டர். பிளேடால் சின்னச் சின்னச் சதுரங்களாக வெட்டினேன். டர்பன்டைன் தொட்ட பஞ்சுக் குச்சியால் தவறான வெள்ளிப் புள்ளிகளைத் துடைத்தேன், பெரும்பாலும் போயிற்று. படத்தில் இருந்த ஏழு இடங்களிலும் ஒட்டுகளை இடுக்கியால் எடுத்து வைத்தேன். அப்பா படத்தைப் பார்த்து இடம் சொல்லிக்கொண்டே வந்தார். "இன்னும் ஒரு மயிரிழை மேலே. அவர் கோணலா வைக்க மாட்டார்." கடைசியில் எல்லாவற்றின் மேலும் பளபளப்பை அடக்கும் மங்கல் வார்னிஷ் ஒரு பூச்சு. அது காய்ந்ததும் பிளாஸ்டிக் என்ற நினைப்பே போய்விட்டது.

ஆகவே வாசகர்களே, மாதிரி விமானம் செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அழுக்குப் பூசுவதில் அளவு மீறுகிறவர்கள் அதிகம். அலுமினியத்துக்குத் துரு ஏற்றுவார்கள், அலுமினியம் துருப்பிடிக்காது. கையே எட்டாத இடத்தில் வர்ணத்தை உதிர்ப்பார்கள். ஒவ்வொரு கறை வைக்குமுன்பும் கேளுங்கள்: இது எங்கிருந்து வந்தது? யார் கால் பட்டது? யார் கை துடைத்தது? பதில் இருந்தால் வையுங்கள். இல்லாவிட்டால் பிரஷைக் கழுவி வைத்துவிட்டுப் படுத்துக்கொள்ளுங்கள்.

விமானம் இப்போது அப்பாவின் அறையில், கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. நான் பாடுபட்டு அடித்த புகையையும் சேற்றையும் அவர் கவனிக்கிறாரா என்பது சந்தேகம். வருகிறவர்களிடம் பின்பாதியைத்தான் காட்டுகிறார். "துணி" என்கிறார். "கைத் தையல்."

நேற்று மாலை பையன் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தான். சட்டை முழுவதும் சேறு. நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி முந்திக்கொண்டாள்.

"காரணம் கேட்டாச்சு. கால்பந்து. கோல் போட்டிருக்கான். நீங்க பேப்பரைப் படியுங்க!"